நட்சத்திரம் போட்ட வரிகள்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது பாதி வேலைதான்; அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனி ஃபைலில் சொல்லி வைப்பது மீதிப் பாதி, அதில்தான் மனுஷன் செத்துப் பிழைப்பான். என்னைப் போல மாட்டியவர்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைல். வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. எல்லாப் புரோகிராமும் கூப்பிட்டுக்கொள்ள ஒரு பொதுப் புரோகிராம் எழுதினேன்; அதை லைப்ரரி என்போம். அது ஃபைலைப் படிக்கும். கேட்டால் புதிதாக எழுதியும் தரும்.

வழக்கம்போல

ஃபைலில் போட வேண்டிய மதிப்புகளைக் கேட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவுக்குப் படிவம் அனுப்பினேன். எத்தனை வீடு, எந்த பிளாக், எந்த சீனியாரிட்டி வரை. ஆபீசர் கோயம்புத்தூர்க்காரர். மூன்று கட்டத்திலும் 'வழக்கம்போல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நேரில் போனேன். வழக்கம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது.

"பதினெட்டு வருஷமா இப்படித்தானுங்க எழுதறேன். எல்லார்த்துக்கும் புரியுது. உங்க மிஷினுக்கு மட்டும் என்னவாமா?"

மிஷின் படிக்காதது

ஃபைலை டெர்மினலில் அடிப்பது அந்தப் பிரிவு கிளார்க் சரோஜினி அம்மா. நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரியை லைப்ரரி படிக்காமல் தாண்டிவிடும். மனிதர்கள் குறிப்பு எழுதிக்கொள்ள வைத்த வசதி. தெரியாத்தனமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அம்மா அதில் கடுதாசியே எழுத ஆரம்பித்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'இதை மாற்றாதே.' 'மாற்றினேன், திட்டு வாங்கினேன்.' 'ஆபீசரிடம் காலையில் கேட்காதே.' பத்து வரி செட்டிங்குக்கு நாற்பது வரி நட்சத்திரம். மிஷின் படிக்காததற்கு எதற்கு இவ்வளவு என்று கடிந்தேன்.

"மிஷின் படிக்காட்டி போவுது சார். நான் லீவுல போனா இந்த சீட்டுல உக்கார்றவங்க படிப்பாங்கல்ல?"

சுத்தமான ஃபைல்

மகள் பிரசவத்துக்கு அம்மா லீவில் போனார். அந்த வாரம்தான் லைப்ரரியின் எழுதும் பாதியை ஓட்டிப் பார்த்தேன். பழைய ஃபைலைப் படித்துப் புதிதாக எழுதிக் கொடுத்தது. சமக்குறியெல்லாம் ஒரே நேர்கோட்டில், லட்சணமாக. நட்சத்திர வரி ஒன்றுகூட இல்லை. படிக்கும்போதே தாண்டிவிட்டதை எப்படி எழுதும்? எனக்கு அது உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

ஃபைலில் ஒரு கீழ்வீட்டு எண்ணுக்கு 'ஹோல்டு' போட்டிருந்தது. யாருக்கும் ஒதுக்காதே என்று அர்த்தம். யாருக்காக என்ற விவரம் நட்சத்திர வரியோடு போய்விட்டது. பிரிண்ட்டைப் பார்த்த ஆபீசர், "காரணமில்லாம ஒரு வீடு சும்மா கெடக்குது, எடுத்துப்போடுங்க" என்றார். ஹோல்டை எடுத்தேன். பட்டியலை போர்டில் ஒட்டியாயிற்று. சாவி திங்கட்கிழமை.

மறுநாளே மைன்ஸ் ஃபிட்டர் கலியபெருமாள் வந்து நின்றார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். மனைவிக்கு பஸ் விபத்தில் கால் முறிந்து தகடு வைத்திருந்தது. கீழ்வீடு தருவதாக ஆபீசர் வாயால் சொல்லியிருந்தாராம். பட்டியலில் விழுந்தது மாடி வீடு.

"மாடியில வூடு குடுத்தா அவள நான் தூக்கிகினு ஏறிடுவேன் சார். நான் ஷிப்டுக்குப் போய்ட்டா அவ எறங்கறது எப்பிடி?"

மிஷின் சொன்னது

ஆபீசரிடம் அழைத்துப் போனேன். "நான் எப்பங்க சொன்னேன்?" என்றார். பொய்யில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். எழுத்தில் ஆர்டர் கிடையாது. சரோஜினி அம்மா ஊரில் இல்லை.

வாராவாரம் ஃபைல்களை நகலெடுத்து வைக்கும் பழைய டேப்புகளை இறக்கித் தேடினேன். சனிக்கிழமை மத்தியானம் முந்தின வாரத்து ஃபைல் கிடைத்தது. ஓரம் துளை போட்ட நீளக் காகிதத்தில் அச்சடித்து ஆபீசர் மேஜையில் விரித்தேன். அம்மாவின் வரி இருந்தது: 'ஃபிட்டர் கலியபெருமாளுக்கு. மனைவிக்குக் கால் முடியாது. ஆபீசர் டீ குடிக்கும்போது சரி என்றார். மறந்துவிடுவார்.'

கடைசி வார்த்தையில் கொஞ்சம் நின்றார். அம்மாவே நேரில் வந்து சொல்லியிருந்தால் மனுஷர் விவாதம் பண்ணியிருப்பார். கம்ப்யூட்டர் காகிதமாயிற்றே. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். கீழ்வீடு விழுந்திருந்தவரைக் கூப்பிட்டுப் பேசினார்; அவர் மாடிக்குச் சம்மதித்ததும் பட்டியலில் இரண்டு எண்ணையும் மாற்றி எழுதினார்.

"மிஷினே சொல்லுதுங்களே. அப்ப நான் சொல்லித்தான் இருப்பேன்."

கலியபெருமாள் சாவி வாங்கிக்கொண்டு போன அன்றே லைப்ரரியைத் திருத்தி நட்சத்திர வரிகளை அப்படியே திருப்பி எழுத வைத்தேன். அந்த மிஷினுக்குள் போன ஆயிரம் வரியில் உருப்படியான ஒரு வரி மிஷின் படிக்காத வரி, அதுவும் நான் எழுதியதில்லை.