ஞாயிறுதோறும் தம்பி எழுதிய வேலைப் பலகை

ஆஸ்டின் டவுனில் மூன்று மாடிக் கட்டடம், அதன் கீழே ஹார்டுவேர் கடை, பின்னால் சிமெண்டு குடோன், மகனுக்கும் மகளுக்கும் ஊர் மெச்சக் கல்யாணம். இத்தனையும் இந்தக் கையால் ஆனது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து கலவைச் சட்டி தூக்கினேன். மேஸ்திரிகளிடம் திட்டு வாங்கியே கன்னடம் கற்றேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தம்பியை ஐ.டி.ஐ.யில் சேர்த்ததும், பைப் ஃபிட்டர் ஆக்கிக் குவைத்துக்கு விமானம் ஏற்றியதும் நான்தான்.

“இந்த நினைவு மலர் சித்தப்பாவுக்குப்பா. உங்களுக்கு இல்ல,” என்கிறாள் என் மகள். எனக்குத் தெரியாதா? ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் வேலைக்கு நடுவே முதலாண்டு நினைவுக்காக இந்தப் புத்தகத்தை அச்சடிப்பவள் அவள்தான். “அவர் இவர்னு மரியாதையா எழுதுங்க,” என்றும் சொன்னாள். என் முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவனை அப்படி எழுதக் கை வரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

தம்பியின் நினைவாகக் கடைச் சுவரில் அவனுடைய நண்பர்கள் கல் பதிக்கப் போகிறார்கள். அதில் தம்பியின் பெயர் மட்டும்தான் வருமாம். அதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் அவன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பின் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. வெகு காலம் கழித்து வந்தவன் தம்பி. வாய் திறந்து பேசமாட்டான். எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். குவைத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் நல்ல பெயர் எடுத்தான். தொண்ணூறாம் ஆண்டு அங்கே சண்டை வந்தது. சேர்த்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, பாலைவனத்தைக் கடந்து, அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் வந்து இறங்கினான். பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவன் கல்யாணப் பேச்சே எடுக்கவிடவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் ஆரம்பம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதியக் காலையில் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். பின்னால் நாலைந்து ஆட்கள்.

“இன்னாடா இது, ஊர்வலம்?”

“ஆபீஸ் பூட்டிக் கெடக்குண்ணா.”

“ஞாயித்துக்கெழம தொறந்தா வெச்சிருப்பான்?”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரபு நாடுகளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அத்தனை வருஷப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் படுத்திருந்துவிட்டு, ஞாயிறு காலையில் சட்டை மடிப்புக் கலையாமல் போய்ப் பூட்டின கேட்டின் முன்னால் நின்றிருக்கிறார்கள். “இவத்து பானுவார, ரஜா,” இன்றைக்கு ஞாயிறு, விடுமுறை என்று காவல்காரர் கன்னடத்தில் விரட்டியிருக்கிறார். அங்கே நின்ற எல்லாரும் எண்ணெய்க் கம்பெனிகளிலிருந்து திரும்பியவர்கள். அப்படித்தான் அவர்களுக்குள் பழக்கமே உண்டானது.

அதில் ஒருவர் காக்ஸ் டவுன் வெல்டர். கழுத்தில் சிலுவை தொங்கியது. “ஏன்யா, நீ சர்ச்சுக்குப் போற ஆளு, உனக்குமா ஞாயித்துக்கெழம மறந்துபோச்சு?” என்று கேட்டேன்.

“அங்க சர்ச்சே வெள்ளிக்கெழமதாங்க!”

அன்றைக்குத் தம்பி சிரித்தான். ஊர் திரும்பிய பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். எல்லாருக்கும் டீ சொன்னவன் நான். பெஞ்சு போட்டவன் நான். “வாராவாரம் இங்கயே வாங்கய்யா. கேட்டு முன்னால நிக்கறதுக்கு என் கட முன்னால நில்லுங்க,” என்று சொன்னவனும் நான்.

குடோனிலிருந்து நல்ல பிளைவுட் எடுத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்துச் சுவரில் மாட்டினேன். தம்பி வாரம் முழுக்க அலைவான். சண்டையில் வேலை போனவர்களுக்கு அரசாங்கம் வழியாக வரும் நஷ்ட ஈட்டுக்கு எங்கே மனுக் கொடுப்பது, சொந்தத் தொழிலுக்கு எந்த வங்கியில் கடன் கிடைக்கும், எந்த ரிஃபைனரியில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து வந்து, ஞாயிறு காலையில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிப் போடுவான். எண்ணெய் ஆலையில் பெர்மிட் தாளில் கையெழுத்து ஆகாமல் ஒரு நட்டைக்கூடத் திருகமாட்டார்களாம். பலகைக்கும் அதே சட்டம்தான். பேப்பரில் பார்த்ததை, யாரோ சொன்னதை எழுதமாட்டான். நேரில் போய்க் கேட்டு வரவேண்டும். “எழுதேன்டா, ஜனங்க காத்துக் கெடக்குது,” என்றால், “இன்னும் பெர்மிட் ஆவலண்ணா,” என்பான்.

போலி ஏஜெண்டுகளும் வந்தார்கள். பலகையில் தங்கள் கம்பெனி பெயரை எழுதச் சொல்லிக் குழைந்தார்கள். மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டுதானா என்று தம்பி அமைதியாகக் கேட்பான். இல்லையென்றால் மேற்கொண்டு பேச அவனுக்கு வராது. அந்த இடத்தில்தான் நான் தேவைப்பட்டேன். ஒருவனை நான் விரட்டிய விரட்டில் அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அந்தச் செருப்பு ரொம்ப நாள் கடை வாசலிலேயே கிடந்தது. தம்பி எழுதினான், நான் சத்தம் போட்டேன். இரண்டும் இருந்ததால்தான் பலகை நின்றது.

வேலை கிடைக்கக் கிடைக்க ஆட்கள் குறைந்தார்கள். ஒருவர் மங்களூர்ப் பக்கம் போனார், ஒருவர் மும்பைக் கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைக்குப் போனார், பலர் திரும்பவும் அரபு நாடுகளுக்கே போனார்கள். ஒவ்வொருவரும் ஸ்வீட் டப்பா கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. என் மனைவியும் காலமானாள். மகன் தனி ஃப்ளாட் வாங்கிக்கொண்டான். மகள் கல்யாணமாகிப் போனாள். மூன்று மாடியில் இரண்டு மாடிக்கு வாடகைக்கு ஆள் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் நானும் தம்பியும்தான் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் அவன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். பைப் ஃபிட்டர் வேண்டும், குவைத் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் கண்ணுக்கும் அது அவனுக்கென்றே செய்த வேலையாகத் தெரிந்தது.

“இது உன் வேலடா. நீ போடலியா?”

சாக்பீஸைக் கீழே வைக்காமலே சொன்னான். “நான் போனா ராத்திரி உன்கூட சாப்பிட யாருண்ணா இருக்கா?”

என் வாயை அடைத்தவன் அவன் ஒருவன்தான்.

கடைசியில் நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, நண்பர்கள் நேரில் விசாரித்து வந்ததைப் பலகைக்குச் சொன்னான். நான் எழுத்துக் கூட்டி எழுதி வந்து பலகையில் போட்டேன். கோணல் எழுத்துதான். ஆனாலும் வாசித்தார்கள். வந்தவர்களில் ஒருவர், “பெரியவரே, இது எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?” என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னபோது தம்பி கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். அந்த வாரமே போய்விட்டான்.

இப்போது வேலைச் செய்தியெல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆணி வாங்கக்கூட ஆள் வருவதில்லை.

தம்பிக்கு மருத்துவம் பார்த்த டாக்டரையும், சுத்தம் செய்து துணி மாற்றிய நர்ஸ் அம்மாவையும், பாடைக்கு ஒரு தோள் கொடுத்துக் கூடவே வந்த காக்ஸ் டவுன் வெல்டரையும், வெளிநாட்டிலிருந்து ஃபோனில் அழுதவர்களையும் எங்கள் குடும்பம் உள்ளவரை மறக்கமாட்டோம்.

கல் பதிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிளைவுட், பெஞ்சு, டீ இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள். தம்பி இந்த ஊரில் தங்கியதால்தான் பலகை நடந்தது. அவன் தங்கியது எனக்காக. இதை அவன் வாயாலேயே கேட்டவன் நான். ஆகவே கல்லில் என் பெயரும் வர வேண்டும். அது என் பாத்தியதை. கீழே சின்ன எழுத்தில் உதவி என்று போட்டு ஒதுக்க வேண்டாம். அவன் பெயரை ஒட்டி, பக்கத்திலேயே வெட்டச் சொல்லுங்கள்.