தேர் வீதியில் கால் முளைத்த வீடு

எங்கள் குப்பத்துப் பெண்களுக்குக் கனவு என்பது விடிந்ததும் சொல்லித் தீர்க்கவேண்டிய சமாச்சாரம். படகு கரைக்கு வரும்வரை மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆளுக்கொன்றாக அவிழ்த்து விடுவார்கள். மீனுக்குக் கால் முளைத்துச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதாக ஒருத்தி சொல்வாள். "டிக்கெட் எடுத்துச்சாடி?" என்று இன்னொருத்தி கேட்பாள். அதையெல்லாம்தான் நான் வரைந்துகொண்டிருந்தேன். கடலூரில் ஓவிய வகுப்புக்குப் போனபோது சார் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "கனவ இப்படி வரையறதுக்குப் பேரு சர்ரியலிசம், தெரியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கரையில் அதற்குப் பேர் காலைப் பேச்சு.

சிதம்பரத்தில் அம்மன் தேர், வீதியில் ஓரிடத்தில் நிற்கும். அம்மன் மீனவர் வீட்டுப் பெண் என்பது பழைய நம்பிக்கை. நாங்கள் தாய்வீட்டுச் சீர் கொடுத்த பிறகுதான் தேர் நகரும். 2009 மார்கழித் தேருக்கு அந்த இடத்தில் கோலம் போடும் வேலையைப் பெண்கள் என்னிடம் கொடுத்தார்கள். படித்த பெண் ஒழுங்காகப் போடுவாள் என்று நம்பினார்கள், பாவம்.

தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலமாகத்தான் ஆரம்பித்தேன். கை சும்மா இருக்குமா? புள்ளிகளைச் சுற்றிய கோடு வலையானது. வலைக்குள் பஸ் ஏறும் மீன் வந்தது, நிலாவை வேகவைக்கும் குழம்புச் சட்டி வந்தது. நடுவில் கால் முளைத்து நடக்கும் ஒரு வீடு. மற்றதெல்லாம் அவர்கள் கண்ட கனவு, வீடு மட்டும் என் சொந்தச் சரக்கு.

சீர்த்தட்டுகளோடு வந்த எங்கள் நாட்டார், அதாவது குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர், கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "சாமி வர்ற வழியில கவுச்சியப் போட்டு வச்சிருக்கியே, ஊரு சிரிக்காது? தண்ணிய ஊத்துங்க!" வாளியும் வந்துவிட்டது. தேர் வீதி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் அது கழுவப்பட்டிருந்தால் அம்மாவால் உறவுக்காரர்கள் முகத்தில் விழித்திருக்க முடியாது. நானும் அதற்குமேல் வரைந்திருக்கமாட்டேன்.

மீன் விற்கும் பெரியம்மா வாளிக்கு முன்னால் வந்து நின்றாள். "மீனு என் கனவு. பொறந்த வூட்டுலேர்ந்து அவளுக்கு வேற என்னத்தக் கொண்டாருவாங்க?" பின்னாலிருந்து, "சட்டி என்னுது மாமா" என்று ஒரு குரல். தங்கள் தலைக்குள் இருந்ததை அந்த ஈரத் தெருவில் அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். எந்தப் பாராட்டும் எனக்கு அந்த நிமிடத்துக்கு ஈடாகாது. அவர்களை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

நாட்டார் கொஞ்சம் இறங்கி வந்தார், ஆனால் வாளியை விடவில்லை. வீட்டைக் காட்டினார். "அதெல்லாம் சரி. இது யாரு கண்டது? வூடு எழுந்து போறது நல்லதுக்கா? ஒரு தடவ போனது போதாதா?"

சுனாமியில் வீடு போகாதவர் எங்களில் இல்லை. எங்கள் வீட்டோடு அப்பாவும் போயிருந்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அது நான் கண்டதுண்ணே. வூடு போவல, திரும்பி வருது. வாசப்படி நம்மளப் பாத்துத்தான இருக்கு? உள்ள அவரு உக்காந்து வல பின்னிக்கிட்டு வராரு."

நாட்டார் குனிந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாளியை ஓரமாக வைத்துவிட்டுச் சீர்த்தட்டை எடுத்தார். தேர் வந்து நின்றது, சீர் வாங்கிக்கொண்டது, கோலத்தின்மேல் உருண்டு போனது. தேர் வீதிக் கோலத்துக்கு அதுதானே வேண்டும்!

நான் வரைந்தது போகிற வீட்டைத்தான். அம்மாவோ ஒரு நாளும் கனவு சொன்னவள் இல்லை. படுத்தால் கட்டை மாதிரி தூங்குவேன் என்பாள். எனக்காகப் பொய் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "நெஜமாவே கண்டியாம்மா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ போட்டப்புறந்தாண்டி கண்டேன்" என்றாள்.