பிரிண்டர்காரர்களிடம் பெண் விசாரித்த கதை

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், என் குணத்தைப் பற்றி எங்கள் ஊர் பேளுக்குறிச்சியில் யாரையும் கேட்கவில்லை. பிரிண்டர் மென்பொருள் எழுதும் வெளிநாட்டுக்காரர்களைக் கேட்டார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். காலையில் பேளுக்குறிச்சியில் பஸ் ஏறி, அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்து விழுந்து, தலைசுற்றல் தீருவதற்குள் பில் போட உட்கார வேண்டும். சங்கத்திடம் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இருந்தது, மென்பொருள் வாங்க இல்லை. ஒரு பத்திரிகையோடு வந்த இலவச லினக்ஸ் சிடியைப் போட்டு நானே ஓட்டினேன். எல்லாம் ஓடியது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் ஒரு வெற்றுத்தாளைத் தள்ளியது.

மிளகு போட வந்தவர்கள் அந்த வெற்றுத்தாளையும் விடாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். மெஷினிலிருந்து வருவது காரணமில்லாமல் வருமா என்பது அவர்கள் கட்சி. கொஞ்ச நாளில் அதிலும் சீல் வைக்கச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வெற்றுத்தாளிலும் குத்திக் கொடுக்க ஆரம்பித்தார். அதன்பின் சீல் இல்லாத வெற்றுத்தாள் செல்லாது என்று சந்தையில் பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்த பிரிண்டர் மென்பொருளை எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதினார்கள். எழுதியதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அவர்களுக்கென்று ஒரு மெயிலிங் லிஸ்ட் இருந்தது; ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். மென்பொருளில் தாளைத் தள்ளும் வரியை நான் கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினேன். திருத்தங்களை ஏற்கும் பொறுப்பாளர் ஏதோ குளிர்நாட்டுக்காரர், வயதானவர். தன் பிரிண்டரில் அப்படி வரவில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டார். எனக்கு வந்ததே கோபம். உங்கள் பிரிண்டர் எங்கள் மிளகுக்காரர்களிடம் மாட்டவில்லை, அதனால் தப்பித்தது என்று எழுதினேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை. ஒரு வரிக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம்.

இந்தச் சண்டை நடக்கும்போதுதான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மற்றவர்களைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், வெற்றுத்தாள் கதையை முழுசாகக் கேட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் அம்மாவுக்குத் தயக்கம். நான் ஒற்றைப் பெண். நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்க அண்ணன் தம்பி இல்லாத வீடு. பெண்ணும் மலைக்குப் போய் வேலை பார்க்கிறது, குணம் எப்படியோ என்றும் ஒரு யோசனை. விசாரித்துச் சொல்லும் பொறுப்பு மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் வந்தது.

தாய்மாமன் எதையும் முறைப்படி செய்கிற ஆள். பெண்ணை நன்றாகத் தெரிந்தவர்கள் யார் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். என் மகள் பேசுவதெல்லாம் வெளிநாட்டு கம்ப்யூட்டர்காரர்களோடுதான் என்று அப்பா பெருமையாகச் சொல்லி, லிஸ்டின் முகவரியையும் கொடுத்துவிட்டார். தாய்மாமன் அதை நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய், கடைக்காரரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுத வைத்துவிட்டார்.

இந்தப் பெண்ணை எங்கள் பையனுக்குப் பேசுகிறோம், தங்களுக்குப் பழக்கம் என்று அறிந்தோம், பெண் பொறுமைசாலியா, பெரியவர்களை எதிர்த்துப் பேசுமா, உடம்புக்கு ஏதும் உண்டா, உள்ளதை உள்ளபடி சொல்லவும் என்று லிஸ்டுக்கு மெயில். செம்மேட்டில் உட்கார்ந்து படித்தபோது வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. எந்தப் பெரியவரை மாதக்கணக்கில் எதிர்த்துப் பேசினேனோ, அவரிடமே கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் பதில் போடாதீர்கள் என்று நான் தட்டி முடிப்பதற்குள் மழை பிடித்து, டெலிபோன் லைன் செத்துப்போனது.

 லைன் திரும்ப வந்தபோது பதில்கள் குவிந்து கிடந்தன. முதல் ஆள், இது எழுதுகிறவர்களின் லிஸ்ட், கல்யாணக் கேள்விகளைப் பயன்படுத்துகிறவர்களின் லிஸ்டுக்கு அனுப்பவும் என்றிருந்தார். அடுத்தவர், எந்த வெர்ஷன் என்று குறிப்பிடவில்லையே என்றார். எல்லோரும் பார்க்கப் பதில் சொல்வதா, தனியாகச் சொல்வதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஓட்டெடுப்பு வரை போயிருந்தது. ஒருவர் கல்யாண விசாரிப்புக்கென்று தனி லிஸ்டே தொடங்கிவிட்டார். அதில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கடைசியாகப் பொறுப்பாளர் எழுதியிருந்தார். பெண்ணுக்குப் பொறுமை கிடையாது, என்னை எதிர்த்துப் பேசாத வாரமில்லை. ஆனால் தப்பு இருக்கிறது என்று அவள் சொன்னால் தப்பு இருக்கிறது. பழைய பிரிண்டர் ஒன்றைத் தேடி வாங்கிப் பார்த்தேன், வெற்றுத்தாள் வருகிறது. அவளுடைய வரியைச் சேர்த்துவிட்டேன். உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேலும் எழுதியிருந்தார்: பையனைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. குடிப்பாரா? அவள் வேலையைத் தொடர விடுவாரா? தன் தப்பை ஒருவர் எடுத்துச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்? பதில் வராமல் மேற்கொண்டு பேச முடியாது. அதற்குக் கீழே, நாங்களும் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று முகம் தெரியாத ஆட்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனக்கும் வந்திருந்த அந்தப் பதில்களைக் கட்டாகப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். வரன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“ஏனுங்க, பொண்ணுக்கு இவ்ளோ பேரு இருக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே,” என்றார் அப்பாவிடம். “எங்க அக்கா வாயடைச்சுப் போச்சு. பையனைப் பத்தி இத்தனை பேரு கேக்கறப்ப, பதில் சொல்லாம எப்படீங்க தேதி குறிக்கறது?”

அப்பா பதறிப்போய், அவர்கள் ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறார்கள், விட்டுவிடலாம் என்றார். தாய்மாமன் ஒப்பவில்லை. பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுதான் முறை என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமே லிஸ்டுக்குப் பதில் வந்தது. மாப்பிள்ளையே சொல்லச் சொல்ல பிரவுசிங் சென்டர்காரர் ஆங்கிலத்தில் அடித்திருந்தார். குடிப்பதில்லை. வேலைக்குப் போவது பெண்ணின் இஷ்டம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் இருந்தது. என் தப்பை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பட்டறையில் நான் முதலாளி, வீட்டில் அம்மா சொல்ல மாட்டார். எப்படி எடுத்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. பெண் சொல்லட்டும், பார்க்கலாம்.

தன்னைப் பற்றியே தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையை நான் அந்த லிஸ்டிலும் பார்த்ததில்லை, எங்கள் ஊரிலும் பார்த்ததில்லை.  பொறுப்பாளர், இனி அவள்தான் சொல்ல வேண்டும் என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், “அவங்களுக்கு என்ன கண்ணு சொல்றது?” என்று அப்பா கேட்டார்.

“மாமன்கிட்ட சரின்னு நீங்க சொல்லீருங்கப்பா,” என்றேன். “லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.”