அந்திமணிக் கல்

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி பாதி எழும்பி நின்ற வருடம்தான் நான் ஓமானிலிருந்து திரும்பி வந்தேன். அந்தப் புகைபோக்கி எந்த ஊர் வரைக்கும் தெரியும் என்று கடைகளில் சண்டையே நடந்தது. அது வேறு கதை.

ஓமானில் மலைக்குள்ளே, கல் பரிசோதிக்க வந்தவர்களின் முகாமில் எனக்குச் சமையல் வேலை. எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புக்கல். நம் பக்கம் கிணறு வெட்டும்போது வருமே, அதே கல்தான். அங்கே வானம் வரை எழும்பி நிற்கும். ஒரு நாள் பாறை வெடிப்புக்குள் விரல் தடிப்பில் ஒரு கோடு, ஊசிகளை அடுக்கி வைத்ததுபோல் மின்னியது. கல் படித்தவர் அதன் பெயரை இங்கிலீஷில் ‘ஆன்டிமனி’ என்று சொன்னார். எனக்கு ‘அந்திமணி’ என்று கேட்டது. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதாக்கும் என்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உச்சி வெயில். சிரித்துவிட்டார்கள். அரபுச் சாரதிதான் தன் கண்ணைத் தொட்டுக்காட்டி, “இத்மித்” என்றார். அப்போதுதான் விளங்கியது, ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவருகிற, கண்ணுக்கு மைபோல் இடும் சுருமா.

தோண்டினால் கூலிக்கும் காணாது என்று அதை விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு துண்டு தந்தார்கள். கல் படித்தவர் அதில் ஒரு சிராயை மெழுகுதிரி நெருப்பில் பிடித்தார், உருகியது. பஜாரில் சுருமா என்று விற்கும் ஈயக்கல் அப்படி உருகாதாம்.

மகளின் நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளையின் கண்ணுக்கு என் கல்லை அரைத்துத்தான் சுருமா இடுவது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மனைவியின் தம்பி, மாம்புரி மச்சான், பஜாரில் வாங்கிய தன் கல்லோடு வந்து சபையில் உட்கார்ந்து கேட்டார்.

“குசினியில நிண்ட ஆளுக்குக் கல்லுத் தெரியுமா மச்சான்? நீங்க கொண்டாந்தது ஈயக்கல்லு. மாப்புளட கண்ணு போனா ஆரு பதில் சொல்றது?”

மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “ரெண்டு கல்லும் வாணாம். எண்ட புள்ளட கண்ணு பத்திரம்” என்றார்.

“ஒரு மெழுகுதிரி தாங்க. ஈயக்கல்லு அதுல உருகாது” என்றேன்.

முதலில் என் கல்லின் சிராய். உருகிச் சொட்டியது. பிறகு மச்சானின் கல். கறுத்துக்கொண்டு அப்படியே இருந்தது, மெழுகுதிரிதான் குறைந்தது.

“ஓம் மச்சான், ஈயக்கல்லு இருக்குதான். ஒங்கட கையில.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் உம்மாதான். என் கல்லை அரைத்ததும் சுருமாக் குச்சியை அவரே வாங்கி மகனின் கண்ணில் இட்டார். கூலிக்குக் காணாத அந்தக் கோடு, என் மருமகனின் இரண்டு கண்ணுக்கும் தாராளமாகக் கண்டது.

இப்போது மச்சான், உருகியது தன் கல் என்று மாம்புரியில் கதைத்துத் திரிகிறாராம். அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்லிவிடுங்கள், உருகியது என்னுடையது.