முதுகில் எழுந்த சிவப்பு

என் வீட்டுக்காரர் ரங்கூனில் பிறந்தவர். அங்கே ஒரு சீன மருந்துக் கடையில் பதினொரு வருடம் வேலை பார்த்தார். இழுப்பறைகளிலிருந்து வேரையும் பட்டையையும் எடுத்து, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் வேலை. கடைக்காரச் சீனர் நாடி பார்க்கும்போது பக்கத்திலேயே நின்று நின்று இவருக்கும் அது பிடிபட்டுவிட்டது. அறுபதுகளில் பர்மாவில் கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது, நம் ஆட்களோடு இவரும் கப்பல் ஏறினார். பணம், நகை எதையும் கொண்டுவர விடவில்லை. பெட்டியைச் சோதனை போட்டவன் ஒரு பீங்கான் கரண்டியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காசு பெறாது என்று உள்ளே போட்டுவிட்டானாம். சீனர்கள் கஞ்சி குடிக்கிற குட்டைக் காம்புக் கரண்டி அது.

மறு வருடம் எங்களுக்குக் கல்யாணம். நான் கண்டரமாணிக்கத்துக்காரி. அவருக்குப் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிற வேலை கிடைத்தது. ஆலைக்குப் பின்புறம் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் உமித்தூசி ஒட்டும். தலைமாட்டில் மூடி வைத்த தண்ணீரில்கூட மிதக்கும்.

அந்தத் தூசியால்தான் எல்லாம் ஆரம்பித்தது. களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயப்போடுகிற பெண்களுக்கு வருடம் முழுக்க இருமல். ஒருத்தி எடை மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்து, இவர் ஆரஞ்சுப் பழத் தோலைக் காயவைத்து, இஞ்சியும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். நெஞ்சில் கட்டியிருந்த சளி இளகியது. அதற்கப்புறம் சாயங்காலமானால் எங்கள் வாசலில் நாலு பேராவது நிற்பார்கள். கண் எரிகிறவர்களுக்குக் காய்ந்த சாமந்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார். தலைவலிக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையை அழுத்திப் பிடிப்பார். பிள்ளை உண்டாகியிருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தொடமாட்டார். வயிறு சரியில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை அளந்து அமுக்கக் காட்டிக் கொடுப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துப் பார்ப்பார். பச்சைத் தண்ணீர் குடிக்காதே என்று எல்லோரிடமும் சொல்வார். ஒருத்தரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். சாமந்திக்கும் கருப்பட்டிக்கும் என் வீட்டுச் செலவில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

வந்தவர்களில் ஒருத்தி என்னோடு ரொம்ப ஒட்டிக்கொண்டாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மதினி, மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பிறந்த ஊர் இளையாத்தங்குடி. அவள் புருசன் அதே ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். மத்தியானக் கஞ்சியை எங்கள் வீட்டில் வந்துதான் குடிப்பாள். என் பானையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு மார்கழி மாதம் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. களத்து நெல்லை அள்ளிக் குவிப்பதற்குள் பெண்கள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவள் வந்தபோது காய்ச்சலில் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இவர் நாடி பார்த்துவிட்டு, வெளிக்காற்றும் குளிரும் தோலுக்கடியில் புகுந்து நிற்கிறது, சுரண்டி வெளியே எடுக்க வேண்டும் என்றார். அந்நிய ஆம்பளை அவள் முதுகைத் தொடக்கூடாது என்பதால் என்னிடம் பீங்கான் கரண்டியைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்லெண்ணெய் தடவி, கரண்டி விளிம்பால் கழுத்திலிருந்து கீழே கீழே இழுத்தேன். முதல் நாலைந்து இழுப்புக்குத் தோல் சும்மா இருந்தது. பிறகு சிவப்பு எழும்பியது. வரிவரியாக, சில இடத்தில் நாவல் பழ நிறத்தில். எனக்குப் பயமாகிவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். சுகமாக இருக்கிறது மதினி என்றாள். ரவிக்கையை இறக்கியபோதுதான் அவள் மேல்கையைப் பார்த்தேன். நாலு விரல் பதிந்த மாதிரி கன்றிப் போயிருந்தது. விலாவில் பழைய காயம் ஒன்று மஞ்சள் பூத்திருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். சுக்குக் கஞ்சி குடித்துவிட்டு எங்கள் வீட்டிலேயே வேர்க்க வேர்க்கத் தூங்கினாள். எழுந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது.

அவள் போனதும் அவள் கையிலும் விலாவிலும் கண்டதை இவரிடம் சொன்னேன்.

மறுநாள் களத்தில் அவள் குனிந்தபோது, ரவிக்கைக்கு மேலே தெரிந்த வரிகளை மற்றப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். யார் கொண்டுபோய்ச் சொன்னார்களோ, மூன்றாம் நாள் காலையில் இளையாத்தங்குடியிலிருந்து அவள் அண்ணன்மார் இரண்டு பேரும் ஆலை வாசலில் வந்து நின்றார்கள். தங்கச்சி மேல் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று முன்பே ஒருமுறை அவள் புருசனை எச்சரித்துவிட்டுப் போனவர்கள். பெரியவன் வந்த வேகத்தில் அவன் சட்டையைப் பிடித்தான்.

புருசன் அந்தக் கையை உதறிவிட்டுச் சொன்னான். "என்னைய ஏன் புடிக்கிறீக? ரங்கூன்காரவுக வீட்டுக்குப் போயிட்டு வந்தா, இப்படி இருக்கா. அங்குட்டுப் போயிக் கேளுங்க."

எங்கள் இருவரையும் களத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி எங்கள் கஷாயம் குடித்த சனம். இவர் சுரண்டும் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். இப்படி முதுகைக் கிழிக்கிற வைத்தியம் எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். மந்திரம் என்றது ஒரு குரல். ஆரஞ்சுத் தோல் கஷாயத்தால் மூச்சு சீரானவள் முன்வரிசையில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

பெரிய அண்ணன் விவரமானவன். தங்கச்சியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

"முதுகுல உள்ளது சரி. கையில இருக்கிறதுக்குச் சொல்லு. இது யாரு போட்டது?"

அவள் தன் புருசனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாம் அவுக வீட்டுல போட்டதுதேன்."

நான் பேச வாயெடுத்தேன். இவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். நாடி பார்க்கிற அதே விரல்கள். வலித்தது. எனக்கு முந்திக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு கையையும் கூப்பினார். அண்ணன்மார் அவர் கன்னத்தில் ஒரு அறையோடு விட்டார்கள். முதலாளி மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது சாமந்தி டப்பாக்களும் தோல் காயப்போட்ட முறமும் தெருவில் கிடந்தன. கரண்டி மூன்று துண்டாகியிருந்தது.

ஏன் என்னைப் பேச விடவில்லை என்று கேட்டேன்.

"அண்ணந்தம்பி ரெண்டு நாளு இருந்துட்டுப் போயிருவாக. அவ அவன் வீட்டுலதான இருக்கணும்? நீ சொல்லியிருந்தா இன்னமும் அடிப்பான்."

"அதுக்கு நீங்க அறை வாங்குவீகளா?"

அவர் சொன்னது நியாயமாக இருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவள் மேல் இருந்த கோபத்தைவிட அவர் மேல்தான் அதிகம். நல்லவராக இருப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெருவில் நின்றது நானும்தான்.

காரைக்குடிக்கு வந்துவிட்டோம். ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை. சுக்கும் மிளகும் நாள் முழுக்க அவர் கையில் புழங்கின. யாராவது இருமினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பார். நான் ஜுரத்தில் கிடந்தபோதுகூட நாடி பார்க்கவில்லை, மாத்திரைதான் வாங்கி வந்தார்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். இவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திறந்தால் அவள். இளைத்துப் போயிருந்தாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள்.

"மதினி, கழுத்து திரும்ப மாட்டேங்குது. அண்ணன் இருக்காகளா?"

அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். நின்றுகொண்டே இருந்தாள். எப்போது வருவார் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

யார் என்று உள்ளேயிருந்து கேட்டார். சொன்னேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுத் தெருவுக்கு ஓடினார். பஸ் நிறுத்தம் வரை போயிருக்கிறார். அவள் கிடைக்கவில்லை. திரும்பி வந்து கடைக்குக் கிளம்பிவிட்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்காக என்னோடு பேசாமல் இருக்கிறாரே என்று எனக்கு இன்னும் கசந்தது.

அதற்கடுத்த வருடம், பழைய ஆலை ஆள் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். புருசன் அவள் கையை ஒடித்துவிட்டானாம். அண்ணன்மார் வந்து இளையாத்தங்குடிக்கே கூட்டிப் போய்விட்டார்களாம். பழி போட அந்தத் தடவை ரங்கூன்காரர்கள் ஊரில் இல்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.