கியர் பெட்டிக்கு வந்த காய்ச்சல்

வழியில் நின்றுபோன வண்டியைக் கட்டி இழுக்கும் தொழிலில், பின்னால் வருகிற பாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவன் புதியவன். காலடியில் கொதிக்கிற கியர் ஆயிலை நினைத்துப் பயப்படுகிறவன் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டவன். நான் இரண்டாவது ரகம். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த டீசல் பிக்கப்பில் பாரம் இழுக்கும் சக பாவிகளே, என் நிலைமை உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. என்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஓர் ஆயில்தான். பாரத்தோடு மெதுவாக மேடு ஏறினால் அது சூடாகும். அளவு மீறினால் பிடிப்பு விட்டுப்போகும். என்ஜின் உறுமும், வண்டி போகாது. மேட்டில் அப்படி ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஊர் திருத்தணி. மலைமேல் கோயில், மலைப்பாதை நிறைய வண்டிகள், வண்டிகளுக்கு நடுவே ஜனங்கள். ராத்தூக்கம் போக இது போதாதா?

மணவூர் கேட்டில் ஒரு வாடை

வண்டி வாங்கிய புதிதில், அம்மையார்குப்பம் நெசவுக்காரர் ஒருவரின் வேன் நூல் மூட்டைகளோடு மணவூர்ப் பக்கம் நின்றுவிட்டது. இரும்புத் தண்டு மாட்டி இழுத்து வந்தோம். என் மனைவியின் தம்பி வெங்கடேசு, ஆந்திர எல்லை நகரிக்காரன், வேனில் ஸ்டியரிங் பிடித்தான். நெசவுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஏற்றம். லாரி ஓட்டிப் பழகிய கால் சும்மா இருக்குமா? கிளட்சில் நிறுத்துகிற பழக்கத்தில் இங்கே பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்றுக்காகக் கேட் திறக்கவில்லை. கேபினுக்குள் தித்திப்பாகத் தீய்ந்த வாடை வந்தது. கேட் திறந்ததும் அழுத்தினால் என்ஜின் மட்டும் கத்தியது. வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. வேனுக்குப் பின்னால் ஒட்டி ஒரு ஸ்கூட்டரில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நெசவுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த வூட்லயோ பாயசத்த அடிபுடிக்க வுட்டுட்டாங்க போல கீதுங்க."

மீட்டர் வந்தது

அந்த ஒரு முழத்தை நான் மறக்கவே இல்லை. அரக்கோணத்து மெக்கானிக் ஆயிலை வடித்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. புது ஆயில் ஊற்றி, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் காற்றுப் படுகிற இடத்தில் தனியாக ஓர் ஆயில் கூலரும், டாஷ்போர்டில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரும் மாட்டினார். நூறு டிகிரி சுமாருக்கு இருந்தால் நிம்மதி. நூற்றிருபதைத் தாண்டினால் ஓரங்கட்டி, கியரை 'பி' என்கிற பார்க்கிங்கில் போட்டு, என்ஜினை அணைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்திக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் கூலருக்குள் ஓடி ஆறிவிடும். மேட்டில் கியரை அதன் இஷ்டத்துக்கு விடாமல் முதல் கியரிலேயே பூட்டி ஏற வேண்டும்.

இனி பயமில்லை என்று நினைத்தேன். முன்பெல்லாம் வாடை வந்தால்தான் பயம். இப்போது டிகிரிக்கு ஒரு பயம் வந்து சேர்ந்தது. சோதனை ஓட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மெக்கானிக், இறங்கும்போது சொன்னார்: "ரோட்டையும் கொஞ்சம் பாருங்க, மீட்டரையே பாத்துகினு போயி எவன் மேலயாவது வுட்டுடப் போறீங்க."

மாப்பிள்ளை வண்டி

ஒரு கிருத்திகையன்று காலையில், நகரி ரோட்டில் மாப்பிள்ளை கார் நின்றுவிட்டது. முகூர்த்தம் திருத்தணி அடிவார மண்டபத்தில். காரைக் கட்டி, அதன் ஸ்டியரிங்கை வெங்கடேசிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணின் அப்பாவையும் கேபினில் ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் முள் நூற்றிருபதைத் தாண்டியது. ஓரங்கட்டி முறுக்க ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியால் முகத்தைத் துடைத்தார். எனக்கோ இரண்டு பக்கமும் பயம். நிறுத்தினால் முகூர்த்தம் போகும், போனால் கியர் போகும்.

எப்படியோ தாலிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். பெண்ணின் அப்பா மண்டபத்திலிருந்து ஓடிவந்தார். பானெட்டில் சந்தனம், குங்குமம். கிரில்லின் மேல் கையளவு தடிமனில் ஒரு சாமந்தி மாலை, அதுவும் இரட்டையாக மடித்து. "நின்னுகினே இவ்ளோ கத்துற வண்டிய நான் பாத்ததே இல்லீங்க, ஆனா கொண்டாந்து சேத்துடுச்சி, மரியாத பண்ணாம அனுப்பக்கூடாது" என்றார்.

மலைப்பாதை

அன்று மதியமே போன். மலைப்பாதை நடுவில் ஒரு வேன் நின்றுவிட்டது. அங்கே திருப்ப முடியாது. மேலே இழுத்துப்போய்த்தான் ஓரங்கட்ட வேண்டும். வேனில் வந்தவர்கள் இறங்கி நடந்தார்கள், ஒருவரைத் தவிர. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர். இழுபடும் வண்டியில் ஸ்டியரிங் பிடிப்பவனைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது. ஆனால் அவரால் நடக்க முடியாது, என் உயரமான கேபினில் ஏறவும் முடியாது. வெங்கடேசு அவருக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

முதல் கியரில் பூட்டி ஏறினேன். முன்னால் காவடிகள், பின்னால் பால்குடம் எடுத்த பெண்கள், எங்கும் அரோகரா. நடக்கிற வேகத்துக்குத்தான் போக முடிந்தது. நூற்றைந்து. நூற்றுப் பன்னிரண்டு. இந்த மேட்டில் இவ்வளவு ஏறாதே? நூற்றிருபத்து நான்கு. வளைவில் என்ஜின் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. அதே பாயச வாடை. கண்ணாடியில் பார்த்தால் வேனை ஒட்டியே பால்குடங்கள். "ஆகு பாவா, ஆகு!" என்று வெங்கடேசு கத்தினான். பயம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் வரும்; 'நிறுத்து மாமா' என்கிறான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவனும் வேனில் இழுத்துவிட்டுக் குதித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான்.

'பி'யில் போட்டு முறுக்கினேன். முள் இறங்க வேண்டும், இறங்கவில்லை. வெங்கடேசு வண்டிக்கு முன்னால் போய்க் கையை நீட்டிப் பார்த்து, "காத்தே உள்ள போவல பாவா" என்றான். இறங்கிப் பார்த்தேன். காலையில் போட்ட சாமந்தி மாலை கிரில்லோடு அப்பிக்கொண்டு கூலரை மூடியிருந்தது. மரியாதைக்குப் போட்ட மாலையைப் பொழுது சாயுமுன் கழற்றக்கூடாது என்று இரண்டு பேருமே அதைத் தொடாமல் விட்டிருந்தோம். அப்போதும் என் கை போகவில்லை. பக்கத்திலேயே நடந்து வந்த பெரியவரின் மனைவிதான், "இன்னா பாத்துகினு கீறீங்க?" என்று இரண்டே இழுப்பில் கழற்றி, கீழே போடாமல் கொண்டுபோய்க் கணவர் மடியில் வைத்தார்.

முள் மெதுவாக இறங்கியது. நேரமாவதற்காகப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோணிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "ஆறட்டும்பா, என்ன யாரும் இப்டி ஓரமா நிறுத்தி ஆற வெக்கல, அதான் ஒரு பக்கம் வுழுந்துட்டேன்."

மறுபடியும் மாலை

நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்தோம். சாமி பார்த்துவிட்டு வந்த அந்த அம்மாவின் கையில் ஒரு மாலை. காலையில் வந்ததைவிடப் பெரியது. முகமெல்லாம் சிரிப்போடு நேராக என் கிரில்லைப் பார்த்து வந்தார். அன்றைக்கு நான் பட்ட பயத்திலேயே பெரிய பயம் அதுதான். ஓடிப்போய் நடுவில் நின்றேன். "சாமி மால, வேணாம்னு சொல்லக்கூடாதுப்பா" என்றார் அவர். வேறு வழி தெரியவில்லை, கழுத்தை நீட்டினேன்.

முழங்கால் வரை மாலையோடு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்த என்னை வெங்கடேசு மேலும் கீழும் பார்த்தான். "பாவா, இதே கோலத்துல போயி அக்கா முன்னால நின்னுடாத, அங்க ஏர்ற சூட்டுக்கு எந்த மெக்கானிக்கும் கூலர் வெக்க மாட்டான்."

அன்றிலிருந்து வண்டிக்கு வருகிற மாலையெல்லாம் என் கழுத்துக்குத்தான் வருகிறது, கியர் ஆயிலும் நூறு டிகிரியில் அடங்கி நிற்கிறது, என் பயம் மட்டும் எப்போதும் அதைவிடப் பத்து டிகிரி கூடத்தான் இருக்கிறது.