அலை இல்லாத கடலுக்குப் பத்து மைல்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

பதின்மூன்று வயதில் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்று பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. அதனால்தான் இந்தப் பதிவு…

திறந்ததுமே கருவாட்டு வாசனை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, காகிதத்தில் வாசனை இருக்க வழியில்லை. என் மூக்குக்குத்தான் ஞாபகம். செசிலியுடைய அம்மாவின் கூடை வாசனை அது.

ஐம்பதுகளின் கடைசி. அறந்தாங்கியில் விடுதியில் தங்கிப் படித்தோம். நான் கீரனூர்க்காரி, கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் 'கடற்கரைக் காட்சி' கட்டுரைக்கு எனக்குத்தான் முதல் மார்க். இரண்டு மைலுக்கு அப்பாலேயே கடலின் முழக்கம் கேட்கும், அலைகள் பனை உயரம் எழும் என்றெல்லாம் நூலகப் புத்தகங்களில் பொறுக்கிக் கோத்திருந்தேன். ஆண்டு விழா மேடையில் நான் அதை வாசிக்க வேண்டும் என்றார் தமிழ் டீச்சர்.

கட்டுமாவடியிலிருந்து வந்து படித்த செசிலி எழுந்து நின்றாள். "எங்க ஊர்க் கடல்ல அலையே இருக்காதுங்க டீச்சர். சத்தமும் வராது."

"அப்ப அது கடல் இல்லடி, கண்மாய்!" என்றாள் என் பக்கத்தில் இருந்த ராஜாமணி. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து செசிலிக்குப் பெயரே கண்மாய் ஆகிவிட்டது.

நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தையில் கருவாடு விற்றுவிட்டு செசிலியின் அம்மா விடுதி வாசலில் வந்து நின்றார். "இந்தப் புள்ள படிப்பே வேணாங்குது. பொய்க்காரின்னு சொல்றாகளாம். ஏந்தா, கடல நான் எங்கன ஒளிச்சு வைக்க? வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. அலை கெடந்தா இவ கூடையத் தூக்கட்டும். இல்லைன்னா படிக்கட்டும்."

வார்டனம்மா அனுமதி கொடுத்தார். மறுநாள் விடியலில் நானும் ராஜாமணியும் அவர்களோடு பஸ் ஏறினோம். முந்தைய மழையில் வழியில் ஒரு பாலம் உடைந்திருந்தது. பஸ் அதோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பத்து மைல் நடை.

முதல் மூன்று மைல் செம்மண். அறுப்பு முடிந்த வயலில் உளுந்து முளைத்திருந்தது. கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பிறகு மண் வெளுத்துக்கொண்டே வந்தது. உதட்டை நக்கினால் உப்பு. காற்றிலா, வியர்வையிலா? தெரியவில்லை. 'இரண்டும் இருக்கலாம்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்!

ஏழாவது மைலிலிருந்து மைல் கல் வரும்போதெல்லாம் நின்று காது கொடுத்தேன். பனை ஓலை சலசலத்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஒன் கடல் இன்னும் எந்திரிக்கலையாடி?" என்று ராஜாமணி என்னைக் கேட்டாள். செசிலி அம்மாவிடமிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

ஒன்பதாவது கல்லிலும் சத்தம் இல்லை. கடல் முழங்கினால் என் கட்டுரை பிழைக்கும், செசிலியின் படிப்பு போகும். முழங்காவிட்டால்…

தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு படகின் பாய்மரம் தெரிந்தது. பத்தடி வைத்திருப்போம், கடல்.

அசையவே இல்லை. வெயிலில் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. கரையோரம் மட்டும் பூனை பால் குடிப்பதுபோல் சின்னதாக ஒரு நக்கல், அவ்வளவுதான். பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நடந்தோம், நடந்தோம், முழங்கால் நனையவே வெகு தூரம் போக வேண்டியிருந்தது.

ராஜாமணி இடுப்பில் கை வைத்து வெகு நேரம் பார்த்தாள். "கண்மாய்தான்டி இது…" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா அக்கரை எங்கடி?"

"ஏன் அலை இல்லை?" என்று நான் செசிலியின் அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கென்னத்தா தெரியும்? கோடிக்கரைக்கு அங்கிட்டுப் போனா ஆடுவாளாம். இங்கிட்டு இவ சாது. ஐப்பசிக் காத்துல மட்டும் கொஞ்சம் மொறைப்பா."

செசிலி கூடையைக் கழுவினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வெள்ளன கெளம்பணும்மா. திங்கக்கெழம கணக்குப் பரீட்சை" என்றாள்.

ஆண்டு விழாவில் பழைய கட்டுரையை வாசிக்க மாட்டேன், புதிதாக எழுதியதைத்தான் வாசிப்பேன் என்றேன். "அலை இல்லாத கடலை யாரும்மா கேப்பா?" என்று டீச்சர் பட்டியலிலிருந்து என் பெயரையே எடுத்துவிட்டார். செசிலி எங்களோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். ராஜாமணி கடைசி வரை அவளைக் "கண்மாயி" என்றே கூப்பிட்டாள். "என்னடி குட்டை?" என்பாள் செசிலி.

இன்று என் மகள் போனில் கடல் படங்களாகக் காட்டுகிறாள். எல்லாவற்றிலும் அலை. அழகாகத்தான் இருக்கிறது. "இது எந்தக் கடல்?" என்று கேட்டேன். "கடல்தாம்மா" என்றாள். போக எத்தனை மைல் என்று கேட்க வாய் வரை வந்தது, விட்டுவிட்டேன்.

ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்பியதும் எழுதிய பக்கத்தை இப்போது மறுபடி பார்க்கிறேன். அன்று செசிலி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். 'நூறு அடி நடந்தும் முழங்கால் நனையவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"நூறு இல்லடி, நூத்தி நாப்பது. நான் எண்ணுனேன்."

'நூறு' கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே 'நூற்று நாற்பது'. அதற்குக் கீழே, நோட்டுக் கோட்டிலிருந்து இறங்கிக் கோணலாக ஒரே ஒரு வரி:

'செசிலி சொன்னது உண்மை. மீதியை நாளை எழுதுவேன், விளக்கை அணைத்துவிட்டார்கள்.'